டிஸ்சார்ஜ் அன்னிக்கு நீட்டுற ஃபார்ம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மாமியாரை ஒரு தனியார் ஆஸ்பத்திரியில சேர்த்திருந்தோம். டிஸ்சார்ஜ் அன்னிக்கு பில் கட்டிட்டு வந்தா பீட்பேக் ஃபார்ம் நீட்டுறாங்க, வார்டு சிஸ்டர் பக்கத்துலயே நின்னுக்கிட்டு "எல்லாத்துக்கும் எக்ஸலன்ட் போட்டுடுங்கக்கா, இல்லன்னா எங்களைத்தான் கேப்பாங்க"ங்கிறாங்க. பாவமா இருந்துச்சு, போட்டுட்டேன். இதை வச்சு அவங்க என்னதான் தெரிஞ்சுக்குவாங்க?
- வாசகி, திருச்சி

பதில்: ஒண்ணும் தெரிஞ்சுக்க மாட்டாங்க. சிஸ்டரை குறை சொல்ல மாட்டேன், மார்க் குறைஞ்சா மீட்டிங்ல நிக்க வைக்கிறது அவங்களைத்தான். ஆனா அடுத்த வாரம் ரிவியூக்கு அதே டாக்டர்கிட்டதான் போகணும், எப்படா வீட்டுக்குப் போவோம்னு இருக்கு, பேனா குடுத்தவங்க தலைமாட்டுலயே நிக்கிறாங்க, இந்த நேரத்துல யாரு குறை எழுதுவா சொல்லுங்க. போதாக்குறைக்கு படுத்திருந்தது மாமியார், டிக் அடிச்சது மருமக. ராத்திரி ரெண்டு மணிக்கு பெட்பேன் கேட்டு எவ்வளவு நேரம் காத்துக் கிடந்தாங்கன்னு அவங்களுக்குத்தானே தெரியும்.

அமெரிக்காவுல ஹெச்கேப்ஸ்னு ஒரு சர்வே இருக்கு, 2006ல நாடு முழுக்க கொண்டுவந்து, 2008ல இருந்து ஒவ்வொரு ஆஸ்பத்திரியோட மார்க்கையும் எல்லாரும் பார்க்கிற மாதிரி வெளியிடுறாங்க. டிஸ்சார்ஜ் ஆகி 48 மணி நேரம் போனப்புறம், 6 வாரத்துக்குள்ளதான் பேஷன்ட்டை கேக்க ஆரம்பிக்கணும், அதுவும் வீட்டுல இருக்கும்போது. யாரைக் கேக்கிறதுன்னு குலுக்கல் மாதிரி எடுப்பாங்க, நமக்கு வேண்டியவங்களா பார்த்து பொறுக்க முடியாது. அதுல நிறைய கேள்விக்கு 'எப்பவும்'னு பதில் வந்தாதான் முழு மதிப்பு, அதனால ஸ்டாஃப் அந்த வார்த்தையை பேட்ஜ்ல குத்திக்கிட்டு திரியக்கூடாதுன்னு வழிமுறையிலேயே எழுதி வச்சிருக்காங்க. யாரோ குத்திக்கிட்டு திரிஞ்சிருக்கணும், இல்லன்னா இப்படி ஒரு விதி எதுக்கு வருது!

கேள்வி: நான் ஹாஸ்பிடல் அட்மினிஸ்ட்ரேஷன் படிக்கிறேன். பேஷன்ட் திருப்தி, பேஷன்ட் அனுபவம்னு ரெண்டு தனித்தனி பாடமா வருது. ரெண்டும் ஒண்ணுதானே சார்?
- மாணவர், கோவை

பதில்: இல்ல தம்பி, பரீட்சையில அப்படி எழுதிடாதீங்க. "நர்ஸ் கவனிப்பு திருப்தியா இருந்துச்சா பாட்டி"ன்னு கேட்டுப் பாருங்க, "தங்கமான பொண்ணுப்பா"ன்னு முடிச்சுடும். அதே பாட்டிகிட்ட "புதுசா ஒரு மாத்திரை குடுக்கும்போது இது எதுக்குன்னு சொல்லிட்டு குடுத்தாங்களா, எப்பவுமா, முக்காவாசி நேரமா, சில நேரமா, ஒரு தடவைகூட இல்லையா"ன்னு கேளுங்க, கொஞ்சம் யோசிச்சுட்டு "அது யாரு சொல்றா, முழுங்குன்னாங்க முழுங்கினேன்"னு வரும். முதல் பதில் பாட்டியோட மனசு, ரெண்டாவது வார்டுல நடந்தது. ரிப்பேர் பண்ண முடியறது ரெண்டாவதைத்தான்.

திருப்திங்கிறது எதிர்பார்ப்பைப் பொறுத்தது வேற. பெட்டே கிடைக்காதுன்னு நினைச்சு வந்தவருக்கு வராண்டாவுல பாய் கிடைச்சாலும் திருப்திதான், ஏசி ரூம்காரருக்கு காபி ஆறிப்போயிருந்தா மார்க் போச்சு. இந்த ரெண்டு நம்பரையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எந்த ஆஸ்பத்திரி நல்லதுன்னு எப்படி சொல்லுவீங்க? ப்ராஜெக்ட்டுக்கு ஃபார்ம் தயார் பண்றதா இருந்தா "எப்படி இருந்துச்சு"ன்னு கேக்காம "நடந்துச்சா, எத்தனை தடவை நடந்துச்சு"ன்னு கேளுங்க. உடனே உதவி வேணும்னு கேட்டா வந்தாங்களா, ராத்திரி வார்டு அமைதியா இருந்துச்சா, வீட்டுக்குப் போனப்புறம் எந்த அறிகுறி வந்தா உடனே திரும்பி வரணும்னு எழுதிக் குடுத்தாங்களா, இதெல்லாம் ஹெச்கேப்ஸ்லயும் கேக்கிறதுதான்.

கேள்வி: கிளினிக் வச்சிருக்கிற டாக்டர் நான். சாதாரண ஜுரத்துக்கு வந்துட்டு "ஊசி போடுங்க, குளுக்கோஸ் ஏத்துங்க"ன்னு கேக்கிறாங்க, மாட்டேன்னா ஆன்லைன்ல ஒரு ஸ்டார். மார்க்குக்காக வைத்தியம் பார்க்கணுமா?
- மருத்துவர், மதுரை

பதில்: கூடாது டாக்டர், உங்க பயமும் நியாயமானதுதான். 2012 அக்டோபர்ல இருந்து அமெரிக்க அரசு மெடிகேர் (பெரும்பாலும் வயசானவங்களுக்கான அரசு இன்ஷூரன்ஸ்) மூலமா ஆஸ்பத்திரிகளுக்குக் குடுக்கிற பணத்துல ஒரு பங்கை ஹெச்கேப்ஸ் சர்வே மார்க்கோட சேர்த்துக் கட்டிடுச்சு. "உங்க வலி நல்லா கட்டுப்பட்டுச்சா"ன்னும் அதுல ஒரு கேள்வி இருந்துச்சு. ஓபியாய்டுங்கிற வலி மாத்திரைக்கு ஜனங்க அடிமையாகி செத்துக்கிட்டிருந்த காலம், மார்க்குக்காக வலி மாத்திரையை அள்ளிக் குடுக்க வேண்டியிருக்குன்னு டாக்டர்களே சத்தம் போட்டாங்க, கடைசியில வலி மார்க்கை பணக்கணக்குல இருந்து எடுத்தாங்க, கேள்வியை 2018ல மாத்தி அடுத்த வருஷமே மொத்தமா தூக்கிட்டாங்க. 2012லயே 50 ஆயிரம் பேருக்கு மேல எடுத்துப் பார்த்த ஒரு ஆய்வுல ரொம்ப திருப்தின்னு சொன்னவங்களுக்குத்தான் செலவும் அதிகம், சாவும் 26 சதவீதம் அதிகம்னு வந்துச்சு. திருப்திதான் சாவுக்குக் காரணம்னு அந்த ஆய்வை வச்சு சொல்லிட முடியாது, ஆனாலும் சும்மா தள்ளிடற நம்பர் இல்ல.

அதுக்காக சர்வேயே வேண்டாம்னு போகாதீங்க. 2013ல 55 ஆய்வுகளை ஒண்ணா சேர்த்துப் பார்த்தப்போ பேஷன்ட் அனுபவம் நல்லா இருக்கிற இடத்துல சிகிச்சை பலனும் பாதுகாப்பும் பெரும்பாலும் நல்லாவே இருந்துச்சு. "ஊசி போட்டாரா"ன்னு ஃபார்ம்ல கேட்டா வம்பு, "ஏன் ஊசி வேண்டாம்னு புரியற மாதிரி சொன்னாரா"ன்னு கேட்டா மாட்டேன்னு சொன்ன டாக்டரும் நல்ல மார்க் வாங்கலாம். ஒரு ஸ்டார் போடறவர் போடட்டும்.

கேள்வி: ஜிஹெச்ல ஓபி பார்த்துட்டு வந்தேன், ரெண்டு நாள்ல ஆஸ்பத்திரி எப்படி இருந்துச்சுன்னு ரெக்கார்டட் வாய்ஸ்ல ஒரு போன். ஃப்ராடா?
- வாசகர், விழுப்புரம்

பதில்: நிஜமாவும் இருக்கலாம். மத்திய சுகாதார அமைச்சகம் 2016ல 'மேரா அஸ்பதால்'னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, ஓபி சீட்டுல குடுத்த நம்பருக்கு எஸ்எம்எஸ்ஸோ இந்த மாதிரி காலோ வரும், திருப்தி இல்லன்னா ஸ்டாஃப் நடந்துக்கிட்ட விதமா, சுத்தமா, செலவான்னு காரணமும் கேப்பாங்க. பதில் சொல்லுங்க, நம்ம ஊர்ல வீட்டுக்கு வந்தப்புறம் கேக்கிறதே அபூர்வம். ஓடிபி, ஆதார், பேங்க் நம்பர்னு பேச்சு போச்சுன்னா மட்டும் கட் பண்ணிடுங்க.

கேள்வி: கூகுள் ஸ்டார் பார்த்து ஆஸ்பத்திரி செலக்ட் பண்ணலாமா?
- வாசகி, தாம்பரம்

பதில்: பில்லிங் இழுத்தடிப்பாங்களா, பார்க்கிங் இருக்கா, இன்ஷூரன்ஸ் டெஸ்க் எப்படின்னு தெரிஞ்சுக்க நல்லா உதவும், மூணு ஸ்டார் போட்டவங்க எழுதினதை முதல்ல படிங்க. ஆப்பரேஷன்னா அதை நம்பாதீங்க, நேர்ல போய் டாக்டர்கிட்டயே இந்த ஆப்பரேஷன் வருஷத்துக்கு எத்தனை பண்றீங்க, இன்ஃபெக்ஷன் எத்தனை பேருக்கு வந்திருக்குன்னு கேட்டுடுங்க.