ஜெர்மனியில் எம்.எஸ்சி. இயற்பியல்: வகுப்பு எப்படி இருக்கும்?

கேள்வி: திருநெல்வேலியில் பி.எஸ்சி. இயற்பியல் முடித்தேன், சிஜிபிஏ 8.2. ஜெர்மனியில் எம்.எஸ்சி. படிக்க இடம் கிடைத்திருக்கிறது. அக்டோபரில் கிளம்புகிறேன். அங்கே பாடம், தேர்வு எல்லாம் எப்படி இருக்கும்? சமாளிக்க முடியுமா?

பதில்: சமாளிக்கலாம். ஆனால் முதல் இரண்டு மாதம் உங்களை நன்றாக ஏமாற்றும். பெரும்பாலான விரிவுரைகளுக்கு வருகைப்பதிவு கிடையாது. இன்டர்னல் டெஸ்ட் கிடையாது. அட்டெண்டன்ஸ் பயத்திலேயே மூன்று வருடம் ஓட்டியவர்களுக்கு அப்பாடா என்றிருக்கும். அந்த நிம்மதியில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

படிப்பின் பாரமெல்லாம் வாராவாரம் வரும் பயிற்சித்தாளில் இருக்கிறது. ‘ஊபுங்ஸ்பிளாட்’ என்பார்கள். பார்த்தால் மூன்று நான்கு கணக்குதான். குவாண்டம் மெக்கானிக்ஸ் தாளில் ஒரே கணக்கு உங்கள் ஞாயிற்றுக்கிழமையை விழுங்கிவிடும். பழைய வினாத்தாளைப் புரட்டித் தப்பிக்கிற நம்மூர் வித்தை இதில் செல்லாது. பல பாடங்களில் இந்தத் தாள்களின் மொத்த மதிப்பெண்ணில் பாதியாவது சேர்த்தால்தான் இறுதித் தேர்வு எழுதவே விடுவார்கள். இந்தத் தாள்களை அலசும் சிறு வகுப்பான டுட்டோரியலில் போர்டுக்குக் கூப்பிட்டு விளக்கச் சொல்வதும் உண்டு. காப்பியடித்திருந்தால் அங்கே பல்லிளித்துவிடும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து எழுதித் தர பல பாடங்களில் அனுமதி உண்டு. ஆகவே முதல் வாரமே கூட்டாளி பிடியுங்கள். அதில் ஒருவராவது அங்கேயே பி.எஸ்சி. படித்தவராக இருக்கட்டும்; தாள் திருத்துபவர் எதை எதிர்பார்ப்பார் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

கிரெடிட் கணக்கையும் போட்டுப் பாருங்கள். செமஸ்டருக்கு 30 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. 30 என்றே வைத்தால் 9 கிரெடிட் பாடத்துக்கு 270 மணி. விரிவுரை 4, டுட்டோரியல் 2 என்று வாரம் 6 மணி வைத்தாலும் 15 வாரத்துக்கு 90தான் ஆகிறது. மீதி 180 மணி நீங்களாக உட்கார்ந்து படிக்க வேண்டியது. வெளிநாட்டு மாணவர்கள் வருடத்துக்கு 140 முழு நாள் வேலை பார்க்கச் சட்டம் அனுமதிக்கிறது. சரி, ஆனால் முதல் செமஸ்டரில் வேண்டாம் என்பேன்.

மதிப்பெண் தலைகீழ். 1.0 தான் உச்சம், 4.0 வரை தேர்ச்சி, 5.0 என்றால் ஃபெயில். வெளிநாட்டு மதிப்பெண்ணை ஜெர்மன் மதிப்பெண்ணாக மாற்ற அங்கே வழக்கமாகப் பயன்படுத்தும் பவேரிய சூத்திரப்படி, உங்கள் கல்லூரியில் தேர்ச்சிக்குக் குறைந்தபட்சம் 5 என்று வைத்தால், உங்கள் 8.2 ஏறக்குறைய 2.1 ஆகும். வீட்டில் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள், 1.3 வாங்கிவிட்டு அப்பாவிடம் திட்டு வாங்கக் கூடாது.

பல எம்.எஸ்சி. பாடங்களில் தேர்வே வாய்மொழிதான். பேராசிரியர் எதிரே அரைமணி நேரம், கையில் பேனாவும் காகிதமும். நீங்கள் சமன்பாட்டை எழுதி முடிப்பதற்குள், “இந்தத் தோராயம் எங்கே செல்லாது?” என்பார். மனப்பாடம் அங்கேயே நின்றுவிடும். தெரியாவிட்டால் மௌனமாக உட்கார வேண்டாம். வாய்விட்டு யோசியுங்கள், அதற்கும் மதிப்பு உண்டு. கூட்டாளியை எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்கச் சொல்லிப் பழகுங்கள்.

அப்புறம், பாடத்தில் சேர்ந்துவிட்டால் தேர்வுக்கும் சேர்ந்ததாக நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் தேர்வுக்கு இணையதளத்தில் தனியாகப் பதிய வேண்டும், கெடு தாண்டினால் கெஞ்சிப் பயனில்லை. ஒரு தேர்வை எத்தனை முறை எழுதலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. பல இடங்களில் மூன்று. கட்டாயப் பாடத்தில் அத்தனையும் தோற்றால் அந்தப் படிப்பையே விட வேண்டியிருக்கும். உங்கள் துறையின் தேர்வு விதிமுறையைப் பல்கலைக்கழகத் தளத்திலிருந்து இறக்கி இப்போதே படியுங்கள்.

அக்டோபர் வரை இருக்கும் நாட்களில் லீனியர் அல்ஜீப்ராவையும் வகைக்கெழுச் சமன்பாடுகளையும் தூசி தட்டுங்கள், கொஞ்சம் பைத்தானும் பழகுங்கள். முதல் பயிற்சித்தாள் முதல் வாரமே வந்துவிடலாம்.