பத்து வீச்சில் பிரியும் ஃப்ளை: கோளாறு இறகில் இல்லை, நூலில்

கேள்வி: மேட்டுப்பாளையத்தில் இருக்கிறேன். சின்ன வயதிலிருந்து புழுவும் மைதா உருண்டையும் வைத்துத் தூண்டில் போட்டுப் பழக்கம். ஆறு மாதமாக ஃப்ளை (முள்ளில் நூலும் இறகும் கட்டிச் செய்யும் பூச்சி மாதிரியான போலி இரை) வீசும் ராடு வைத்துக் குளத்தில் ஜிலேபிக் கெண்டைக்கு முயல்கிறேன். வாங்கிய ஃப்ளைகள் தீர்ந்ததும் நானே கட்ட ஆரம்பித்தேன். வீட்டுத் தையல் நூல், நாட்டுச் சேவல் இறகு, தோட்டத்தில் மயில் உதிர்த்த தோகை, இவ்வளவுதான் சாமான். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பத்து வீச்சுக்குள் பிரிந்துவிடுகிறது. சிலவற்றில் முள்ளின் காது அடைபட்டுத் தூண்டில் நரம்பே நுழைவதில்லை. வெளிநாட்டு இறகும், கட்டும்போது முள்ளைப் பிடித்துக்கொள்ளும் விலை கூடிய வைஸும் வாங்கினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. அந்தப் பணம் இப்போதைக்குப் பையிலேயே இருக்கட்டும்.

பிரிந்துபோனவற்றைத் தூக்கி எறிந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். ஒன்றை எடுத்து, முள்ளை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறுகை நகத்தால் ஃப்ளையின் உடம்பைத் திருகிப் பாருங்கள். உடம்பு மொத்தமும் தண்டைச் சுற்றி வளையல் மாதிரி சுழல்கிறதா? அப்படியானால் முள்ளில் முதலில் போடும் அடிச்சுற்று சரியில்லை. உடம்பு அசையாமல் தலைப்பக்கம் மட்டும் நூல் அவிழ்ந்து தொங்கினால் கடைசி முடிச்சில் கோளாறு. இரண்டும் உறுதியாக இருந்து, நடுவில் மயில் பீலி மட்டும் அறுந்து பிசிறியிருந்தால், அது மீன் வாயில் பட்டு அறுந்தது. அதற்கு வேறு வைத்தியம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் முதல் இரண்டும் சேர்ந்தே இருக்கும் என்று தோன்றுகிறது.

பூக்கடையில் மல்லி கட்டுகிறவரின் விரலைக் கவனித்திருப்பீர்கள். நார் ஒரு கணம்கூடத் தொய்வதில்லை. தொய்ந்தால் பூ உதிரும், அதிகம் இறுக்கினால் காம்பு நறுக்கிப்போகும். ஃப்ளை கட்டுவதும் இதே வித்தைதான். புதிதாகக் கட்டுகிறவர்கள் நூல் அறுந்துவிடுமோ என்று பயந்து தளரக் கட்டுகிறார்கள். நானும் முதல் வருடம் அப்படித்தான் கட்டினேன். வரிசையாக அழகாக அடுக்கி வைத்திருந்த ஒரு டப்பா ஃப்ளை, ஒரே காலையில் வெறும் முள்ளாகத் திரும்பி வந்தது.

இதற்கு ஒரு பயிற்சி உண்டு. வெறும் முள்ளில் நூலைப் பத்துச் சுற்று சுற்றி, அறுகிறவரை வேண்டுமென்றே இழுங்கள். மறுபடி சுற்றி மறுபடி அறுங்கள். நாலைந்து முறை அறுத்தால், எந்த இடத்தில் அறும் என்பது விரலுக்குத் தெரிந்துவிடும். அதற்குக் கொஞ்சம் கீழே நிறுத்திக் கட்ட வேண்டும், ஆரம்பம் முதல் கடைசிவரை.

தையல் நூலைப் பற்றி. நூலின் பருமனை டெனியர் என்ற அளவில் சொல்வார்கள்; 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடையோ அத்தனை டெனியர். ஃப்ளை கட்டும் நூலில் 70, 140 டெனியர்தான் பொதுப் புழக்கம். வீட்டுத் தையல் நூல் 70 டெனியரைப் போல மூன்று மடங்குக்கு மேல் வரும், முறுக்கும் கூட. ஒவ்வொரு சுற்றும் மேடு போடும். காது அடைவதற்கு இதுவும் ஒரு காரணம். பணம் செலவழித்தே தீருவேன் என்றால் 140 டெனியர் நூல் ஒரு கண்டு வாங்குங்கள், அது ஒன்று போதும். அதுவரை தையல் நூலில் தேன்மெழுகு தேய்த்துக்கொண்டு, சுற்றுகளைப் பாதியாகக் குறையுங்கள்.

முள் 10ஆம் எண்ணில் இருக்கட்டும். எண் ஏற ஏற முள் சிறிதாகும். 14, 16க்கு இப்போதே போக வேண்டாம். நூலைக் காதை ஒட்டித் தொடங்காதீர்கள். காதின் நீளம் எவ்வளவோ, குறைந்தது அவ்வளவு இடம் விட்டுத் தொடங்குங்கள். அந்த இடம் கடைசி முடிச்சுக்கு உரியது, அதுவரை அங்கே எதுவும் ஏறக்கூடாது. அங்கிருந்து வளைவு தொடங்கும் இடம்வரை நெருக்கமாக ஒரு சுற்று வரிசை. இதுதான் அடிச்சுற்று. வழுவழுப்பான கம்பியில் பீலி நிற்காது, நூல்மேல்தான் நிற்கும்.

இனி பீலி. தோகைக் கண்ணுக்குக் கீழே இருப்பவற்றில் நாலைந்து இழையைப் பறித்து, நுனியை அரை அங்குலம் கிள்ளிவிட்டு (அங்கேதான் முதலில் ஒடியும்), வளைவுப் பக்கம் கட்டுங்கள். கூடவே ஒரு துண்டு மெல்லிய செப்புக் கம்பியையும் கட்டிவிடுங்கள். கம்பிக்கு மோட்டார் வைண்டிங் கடையில் கேளுங்கள். 36 அல்லது 38 கேஜ், மிச்சத் துண்டு கொடுப்பார்கள். பீலியைத் தனித்தனியாகச் சுற்றாமல், நூலோடு சேர்த்துக் கயிறு மாதிரி முறுக்கி முன்னோக்கிச் சுற்றிக்கொண்டு வாருங்கள். பிறகு செப்புக் கம்பியை எதிர்த்திசையில், இடைவெளி விட்டு நாலைந்து சுற்றாக ஏற்றுங்கள். ஒரே திசையில் சுற்றினால் கம்பி பீலிக்கு நடுவே புதைந்துவிடும். எதிர்த்திசையில் போனால் ஒவ்வொரு இழையையும் குறுக்கே அமுக்கிப் பிடிக்கும். ஓர் இழை அறுந்தாலும் மற்றவை நிற்கும். இங்கிலாந்தில் வில்ட்ஷயர் ஏவன் ஆற்றின் காவலராக இருந்த ஃபிராங்க் சாயர் நூலையே ஒதுக்கிவிட்டு, செப்புக் கம்பியும் ஃபெசன்ட் பறவையின் வால் இறகும் மட்டும் வைத்து ஃப்ளை கட்டினார். கம்பி கட்டவும் செய்தது, ஃப்ளையை ஆழத்துக்கு இறக்கவும் செய்தது.

சேவல் இறகைக் கட்டும்போது அடியிலுள்ள பஞ்சு மாதிரிப் பகுதியை முழுக்க உரித்து, வெறும் காம்பைக் கட்டுங்கள். பஞ்சின்மேல் கட்டினால் இறகு வழுக்கிக்கொண்டு வந்துவிடும். தலையிடத்தில் இரண்டே சுற்று. நாட்டுச் சேவல் இறகு மட்டமா என்ற சந்தேகம் வேண்டாம். சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் ஏலியன் என்ற ரோமானிய எழுத்தாளர், மாசிடோனியாவில் முள்ளில் சிவப்புக் கம்பளி சுற்றி, சேவலின் தாடிக்குக் கீழே வளரும் இரண்டு இறகைக் கட்டி மீன் பிடித்ததை எழுதிவைத்திருக்கிறார். நீர்மேல் மிதக்க வேண்டிய ஃப்ளைக்குத்தான் விறைப்பான, நீளமான இறகு தேவை. அதற்கென்றே அமெரிக்காவில் சேவல் வளர்க்கிறார்கள். நீருக்குள் மூழ்கிப் போகிற உங்கள் ஃப்ளைக்கு மென்மையான இறகுதான் நல்லது. இறகைச் சோப்பு நீரில் அலசி நிழலில் உலர்த்தி, டப்பாவில் ஓர் அந்துருண்டை போட்டு வையுங்கள்.

மயில்தோகை தானாக உதிர்ந்ததாகவே இருக்கட்டும். அதை வெளிநாட்டு நண்பருக்கு அனுப்பவும் கூடாது, ஏற்றுமதிக்குத் தடை உண்டு. சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்து இறகு என்று யாராவது கொண்டுவந்து கொடுத்தால் வாங்காதீர்கள். மெழுகுப் பொட்டு வைத்தது போன்ற அந்த இறகை சால்மன் மீனுக்கு ஃப்ளை கட்டுகிறவர்கள் உயிராக மதித்தார்கள், அதற்காகவே இந்தப் பறவையை வேட்டையாடினார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வரும் பறவை இது. மேலே நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம் டிரவுட்டுக்குப் போகும் ஆசை வந்தாலும் (ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவந்து விட்ட மீன் அது) மீன்வளத் துறையிடமும் வனத் துறையிடமும் கேட்டுவிட்டுப் போங்கள்.

வைஸ், முள் அசையாமல் பிடித்தால் போதும். மேசையில் மாட்டும் சாதாரண வைஸ் ஆயிரக்கணக்கான ஃப்ளைகளைத் தாங்கும்.

கடைசி முடிச்சுக்குத் தனிக் கருவி வேண்டாம். ரீஃபில் எடுத்த பால்பாயின்ட் பேனாவின் கூம்பு முனையில் நூலை ஒரு சுற்று வளைத்து, முனையை முள்ளின் காதில் பொருத்தி, வளையத்தைத் தலைமேல் வழுக்கிவிட்டு இறுக்குங்கள். இப்படி மூன்று முறை. மேலே நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு துளி, குண்டூசி முனையால். இரவு முழுக்கக் காயட்டும். காய்வதற்கு முன் காதுக்குள் ஊசியை ஒரு முறை விட்டு எடுக்க மறக்காதீர்கள்; மறந்துவிட்டால், விடிகாலை அரை இருட்டில் கரையில் நின்றுகொண்டு குத்த வேண்டியிருக்கும்.