கிரவுன் ஆயில்: பிக்கப் வண்டிக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

என்ஜின் ஆயிலைத் தினமும் பார்க்கிறவர்கள்கூடப் பின்னால் தொங்குகிற டிபரென்ஷியலை, அதாவது நம் பட்டறைப் பேச்சில் கிரவுனை, எட்டிப் பார்ப்பதில்லை. என்ஜின் சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற பல்சக்கரப் பெட்டி அது. அதற்கு டிப்ஸ்டிக்கும் கிடையாது, டேஷ்போர்டில் விளக்கும் கிடையாது. லோடு முழுவதையும் இழுப்பது அதுதான். அதனால் இந்த முறை கிரவுன் ஆயில் பற்றி மட்டும் கேட்கச் சொன்னேன்.

அண்ணா, ஒட்டன்சத்திரத்தில் காய்கறி லோடு ஓட்டுகிறேன், பொலேரோ பிக்கப். கிரவுனில் ஆயில் இருக்கிறதா என்று நானே எப்படிப் பார்ப்பது?

வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள், தம்பி. பின்பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கிப் பார்த்தால் அளவு தப்பாகத்தான் தெரியும். ஒரு சக்கரம் மேட்டில் இருந்தாலும் ஆயில் ஆக்சில் குழாய்க்குள் ஒரு பக்கமாக ஓடிவிடும். அடியில் இறங்கிப் பார்க்கிற குழி, அதாவது பிட், இருக்கிற இடமானால் நல்லது. ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். கிரவுனின் வெளிக்கூடான ஹவுசிங்கின் நடு உயரத்தில் இருப்பது ஆயில் ஊற்றுகிற ஃபில்லர் பிளக், அடியில் இருப்பது ஆயிலை இறக்குகிற டிரெயின் பிளக். ஃபில்லரைச் சுற்றியிருக்கும் மண்ணைக் கம்பி பிரஷால் தேய்த்துத் துடைத்த பிறகே கழற்றுங்கள். இல்லாவிட்டால் அந்த மண் உள்ளேதான் விழும்.

கழற்றியதும் சுண்டுவிரலைத் துளைக்குள் விட்டுக் கீழே வளையுங்கள். துளையின் கீழ் விளிம்பிலேயே விரல் நனைந்தால் அளவு சரி. தேடித் தேடித்தான் நுனியில் ஈரம் படுகிறது என்றால் குறைந்திருக்கிறது. ஊற்றுங்கள், ஆனால் அது எங்கே போனது என்று கிரவுனின் முன்பக்கம் தண்டு நுழையும் இடத்திலுள்ள பினியன் சீலையும் இரண்டு சக்கரத்தின் உள்பக்கத்தையும் பார்க்காமல் விடாதீர்கள்.

நானே ஆயில் மாற்றப் போகிறேன். எதை முதலில் திறப்பது?

ஃபில்லரை! எப்போதும் ஃபில்லரைத்தான். எங்கள் பட்டறைக்கு ஒரு பிக்கப்பை இன்னொரு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். பழைய ஆயிலை இறக்கியாயிற்று, ஃபில்லர் பிளக்கோ துருவேறி அசையவில்லை, ஸ்பேனர் வழுக்கித் தலையும் உருண்டுவிட்டது. கிரவுனில் ஒரு சொட்டு இல்லை, ஊற்ற வழியும் இல்லை. மேலே திறக்கிறது என்று தெரிந்த பிறகுதான் கீழே கை வைக்க வேண்டும்.

பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்தால் ஆயில் இளகி, அழுக்கோடு சேர்ந்து இறங்கும். வாஷர் புதிதாகப் போடுங்கள். துளை பக்கவாட்டில் இருப்பதால் கேனைச் சாய்த்து ஊற்ற முடியாது. கை பம்ப் வேண்டும், அல்லது மேலிருந்து ஒரு நீளக் குழாயும் புனலும். துளையில் வழியத் தொடங்கியதும் நிறுத்தி, வழிவது நின்றதும் மூடுங்கள்.

கியர்பாக்ஸுக்கு வாங்கிய 90 நம்பர் ஆயில் மீதி இருக்கிறது. ஊற்றலாமா?

கேனில் ஜிஎல்-4 என்ற தரக் குறியீடு இருந்தால் வேண்டாம், கிரவுனுக்கு வேண்டியது ஜிஎல்-5. இந்த வண்டிகளின் கிரவுனில் பினியன் என்கிற சின்னப் பல்சக்கரம், கிரவுன் வீல் என்கிற பெரிய பல்சக்கரத்தின் மையத்துக்குக் கீழே தள்ளி உட்கார்ந்திருக்கும். இதை ஹைபாய்டு என்பார்கள். பல்லும் பல்லும் உருள்வதோடு, அழுத்தத்தோடு ஒன்றின்மேல் ஒன்று வழுக்கவும் செய்யும். அதைத் தாங்கத்தான் ஜிஎல்-5 ஆயிலில் கந்தகமும் பாஸ்பரசும் கலந்த சேர்மானம் அதிகம். மூக்கைத் துளைக்கிற அந்த வாடை அதனால்தான். திருப்பிச் செய்வதும் தப்பு. ஜிஎல்-4 கேட்கிற கியர்பாக்ஸில் ஜிஎல்-5 போட்டால் கியர் இலகுவாக விழ உதவும் பித்தளை சின்க்ரோ வளையங்கள் கெடக்கூடும். ஆயிலின் தடிமன் 80டபிள்யூ-90 போதுமா, 85டபிள்யூ-140 வேண்டுமா, எத்தனை லிட்டர் என்பதெல்லாம் உங்கள் வண்டிப் புத்தகம் சொல்வதுதான்.

டிரெயின் பிளக் காந்தத்தில் கறுப்பாக ஒட்டியிருக்கிறதே, பயப்பட வேண்டுமா?

விரலில் தேய்த்துப் பாருங்கள். கண்மை மாதிரி குழைந்தால் சாதாரணத் தேய்மானம், துடைத்துவிட்டு மாட்டலாம். நெருடினாலோ செதில் செதிலாக வந்தாலோ ஹவுசிங்கைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும்.

கடலூர் பக்கம் வெள்ளத்தில் குட்டி யானையை ஓட்டினேன். ஆயில் பால் கலந்த டீ போல வருகிறது, சார்.

தண்ணீர் இறங்கிவிட்டது. சூடான ஹவுசிங் வெள்ளத்தில் முங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கும், பிரீதர் என்கிற காற்றுத் துளை வழியாகவோ சீல் வழியாகவோ தண்ணீரை இழுத்துக்கொள்ளும். உடனே மாற்றுங்கள். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டுத் திரும்பத் திறந்து பாருங்கள், இன்னும் வெளுத்திருந்தால் மறுபடியும் மாற்றத்தான் வேண்டும். பேரிங் துருப்பிடித்தால் ஆகும் செலவுக்கு முன்னால் இரண்டு முறை ஆயில் ஒன்றுமே இல்லை.

ஆயில் மாற்றிய ஒரு வாரத்தில் பின் சக்கரத்தில் கசிவு. பிரேக்கும் சரியாகப் பிடிக்கவில்லை.

இப்போதே வண்டியை நிறுத்திவிடுங்கள், தம்பி. அளவுக்கு மேல் ஊற்றியிருக்கலாம், அல்லது பிரீதர் சேற்றில் அடைத்து, சூட்டில் ஏறிய அழுத்தம் ஆக்சில் சீல் வழியே ஆயிலைத் தள்ளியிருக்கலாம். பிரீதரை முதலில் சுத்தம் செய்யாமல் சீல் மட்டும் மாற்றினால் அதுவும் கசியும். ஆயில் குடித்த பிரேக் லைனர் கழுவினாலும் தேறாது, இரண்டு பக்கமும் புதிது போடுங்கள். டிரம்மை நன்றாகத் துடைத்து, ஆள் இல்லாத இடத்தில் பிரேக் பிடித்துப் பார்த்துவிட்டு அப்புறம் லோடு ஏற்றுங்கள்.