டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் மறுபடியும் பிளே-ஆஃபில்: கேள்வி பதில்

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் 2023-24 சீசனில் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் 14 ஆட்டம் ஜெயித்து 68 தோற்றார்கள். 2024-25இல் 44 ஜெயித்து 38 தோற்றார்கள், கிழக்குப் பிரிவில் ஆறாம் இடம். சீசனுக்குப் பின் முன்னணி டீம்கள் மோதும் பிளே-ஆஃபின் முதல் சுற்றில் நியூயார்க் நிக்ஸிடம் 4-2 என்று விழுந்ததும், பிஸ்டன்ஸ் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. வந்த வரிசையிலேயே, 2025 மே மாத நிலவரப்படி பதில் சொல்கிறேன். நான் கூடைப்பந்து கோச். களத்துக்குள் நடப்பதைக் கேட்டால் விரிவாகப் பேசுவேன். மற்றதைத் தெரிந்த அளவுக்கு.

கேள்வி: ஒரே வருஷத்தில் 14இலிருந்து 44 எப்படி சார்? டீமையே மாற்றிவிட்டார்களா?

இல்லை. முக்கியமான ஆட்கள் ஏற்கெனவே அங்கேதான் இருந்தார்கள். கேட் கன்னிங்ஹாம், ஜேலன் டூரன், ஐசையா ஸ்டுவர்ட், ஆசார் தாம்சன், ஜேடன் ஐவி ஐந்து பேருமே அந்த 14 வெற்றி டீமில் ஆடியவர்கள். மாறியது அவர்களைச் சுற்றி நின்றவர்கள்.

முந்தைய சீசனில் கேட் பந்தோடு உள்ளே நுழையும்போது என்ன நடந்தது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். டூரன் வந்து ஸ்கிரீன் போடுவார், அதாவது தடுப்பவரின் வழியை மறித்து நிற்பார். கேட் அதைச் சுற்றி வளைந்தால் கூடைக்கு முன்னால் மூன்று எதிராளிகள் காத்திருப்பார்கள். மூலையில் நிற்கிற பிஸ்டன்ஸ் ஆட்டக்காரர் தூரத்திலிருந்து போடமாட்டார் என்று அவர்களுக்குத் தெரியும், அதனால் அவரை விட்டுவிட்டு உள்ளே வந்துவிடுவார்கள். கேட் பந்தை வெளியே தள்ளினால் வாங்கியவர் தயங்குவார். கூடைக்குப் போட இருக்கும் 24 செகண்ட் ஓடிவிடும்.

2024 கோடையில் டீம் நிர்வாகப் பொறுப்புக்கு வந்த டிராஜன் லாங்டன் முதலில் கை வைத்தது இந்த இடத்தில். மாலிக் பீஸ்லியை ஒரு வருடத்துக்கு 60 லட்சம் டாலருக்குப் பிடித்தார். டோபியாஸ் ஹாரிஸை 2 வருடத்துக்கு 5.2 கோடி டாலர் கொடுத்துக் கூட்டிவந்தார். சம்பள வரம்பில் இடம் காலியாக இருந்ததால் டல்லாஸிலிருந்து டிம் ஹார்டவே ஜூனியரை வாங்க முடிந்தது, கூடவே புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் மூன்று இரண்டாம் சுற்று உரிமைகளும் வந்தன. பீஸ்லி அந்த சீசனில் போட்ட மூன்று புள்ளிக் கூடைகள் 319. அப்படிப்பட்டவரை மூலையில் தனியாக விட்டுவிட்டு எவனும் உள்ளே வரமாட்டான். கேட் அதே ஸ்கிரீனைச் சுற்றி வளைந்தபோது இந்த முறை பாதை திறந்திருந்தது. சராசரி 26.1 புள்ளி, 9.1 அசிஸ்ட் (மற்றவர் கூடை போட வழிசெய்த பாஸ்), லீக்கின் சிறந்தவர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு முதல் தேர்வு எல்லாம் அந்தப் பாதையில் வந்தவை.

இன்னொரு பாதி டிஃபென்ஸ். கோச் ஜே.பி. பிக்கர்ஸ்டாஃப் வந்த நாளிலிருந்து அதைத்தான் அழுத்தினார். லீக்கின் அடிமட்டத்தில் கிடந்த தடுப்பாட்டம் நடுவரிசைக்கு மேலே ஏறியது. 2025 பிறந்தபோதுகூட தோல்விதான் கூடுதல். பிப்ரவரியில் தொடர்ந்து 8 ஆட்டம் ஜெயித்தார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஒரு ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி கொடுத்தார்கள் என்பதை வைத்து டிஃபென்ஸை அளக்காதீர்கள். வேகமாக ஆடும் டீம் அதிகம் போடும், அதிகம் வாங்கும். 100 பொசஷனுக்கு, அதாவது பந்து கைக்கு வந்த 100 முறைக்கு, எவ்வளவு என்று பாருங்கள்.

கேள்வி: பிளே-ஆஃபில் 15 தொடர் தோல்வி என்கிறார்களே, அவர்கள்தான் பிளே-ஆஃபுக்கே போகவில்லையே?

நல்ல சந்தேகம். பல வருஷங்களாகச் சேர்ந்த கணக்கு அது. 2008 கிழக்கு இறுதியில் பாஸ்டனுக்கு எதிராக நான்காவது ஆட்டத்தை ஜெயித்தார்கள், மே 26. அடுத்த இரண்டும் போயின. 2009இல் கிளீவ்லாண்டிடம் நான்கு, 2016இல் மறுபடி கிளீவ்லாண்டிடம் நான்கு, 2019இல் மில்வாக்கியிடம் நான்கு. இப்போது நிக்ஸுடன் முதல் ஆட்டம். கூட்டினால் 15. என்பிஏ வரலாற்றில் இதுதான் நீளமான தொடர்.

அதை முடித்தது மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஆடிய இரண்டாவது ஆட்டம், 100-94. கேட் 33 புள்ளி, 12 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பிய பந்தைப் பிடிப்பது). 94-94 என்று நின்றபோது டெனிஸ் ஷ்ரோடர் போட்ட மூன்று புள்ளிக் கூடைதான் திருப்பம். அவர் பிப்ரவரியில்தான் இந்த டீமுக்கு வந்தவர். 17 வருஷம் காத்திருந்த ஊர் அது. அந்தக் கூடை விழுந்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன்.

கேள்வி: அடுத்த சீசன் எத்தனை ஜெயிப்பார்கள்? பெட் கட்டலாமா?

பந்தயத்துக்கு யோசனை சொல்வதில்லை.

கேள்வி: சுருக்கமாகச் சொன்னால் டேங்கிங் பலித்துவிட்டது, அவ்வளவுதானே? வேண்டுமென்றே தோற்றார்கள், நல்ல டிராஃப்ட் கிடைத்தது, இப்போது ஜெயிக்கிறார்கள்.

இதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

டிராஃப்டில் யார் முதலில் தேர்ந்தெடுப்பது என்று பிளே-ஆஃபுக்குப் போகாத டீம்களுக்கிடையே போடும் குலுக்கல்தான் லாட்டரி. அதன் விதி 2019இல் மாறியது. கடைசி மூன்று டீம்களுக்கும் முதல் தேர்வு கிடைக்க ஒரே வாய்ப்பு, தலா 14%. கடைசி இடத்து டீம் ஐந்தாம் தேர்வு வரை சறுக்கலாம்; அப்படிச் சறுக்க வாய்ப்பு 47.9%, ஏறக்குறைய பாதிக்குப் பாதி. பிஸ்டன்ஸ் 2022-23இல் 17-65 (17 வெற்றி, 65 தோல்வி), லீக்கிலேயே கடைசி. கிடைத்தது ஐந்தாம் தேர்வு. அந்த வருஷம்தான் எல்லோரும் எதிர்பார்த்த முதல் தேர்வு வெம்பன்யாமா சான் அன்டோனியோவுக்குப் போனார். 2023-24இல் 14-68, மறுபடி கடைசி, மறுபடி ஐந்தாம் தேர்வு. அதற்கு முந்தைய 2022இலும் ஐந்துதான்.

விதி மாறியபின் 2019 முதல் 2025 வரை நடந்த ஏழு லாட்டரியிலும் கடைசி இடத்து டீம் ஒருமுறைகூட முதல் தேர்வை வாங்கவில்லை. 2025 மே லாட்டரியில் நடந்ததையும் பார்த்தீர்கள்: 1.8% வாய்ப்பு இருந்த டல்லாஸுக்கு முதலிடம், கடைசியில் நின்ற யூட்டாவுக்கு ஐந்து.

கேள்வி: (அதே நண்பர்) கேட் எப்படி வந்தார்? 2021இன் முதல் தேர்வு. தோற்காமல் அவர் கிடைத்திருப்பாரா?

இது நியாயம். 2020-21இல் 20-52 என்று தோற்றதால்தான் கேட் வந்தார். ஆனால் தேதியைக் கவனியுங்கள். அவர் வந்தது 2021. அதற்குப் பிறகு வெற்றிகள் 23, 17, 14 என்று குறைந்துகொண்டே போயின. நடுவில் கேட் முழங்காலுக்குக் கீழே அறுவை செய்துகொண்டு 12 ஆட்டம் மட்டுமே ஆடிய சீசனும் உண்டு. கேட் கிடைத்தபின் தோற்ற தோல்விகள் அவரை ஒரு அங்குலம்கூட உயர்த்தவில்லை. அவருக்குத் தேவைப்பட்டது பக்கத்தில் பந்து போடத் தெரிந்த நான்கு பேர். அதை 2022இலேயே செய்திருக்கலாம்.

கேள்வி: இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். ஐவி, ஆசார், ரான் ஹாலண்ட் மூவரும் அந்த ஐந்தாம் தேர்வுகள்தானே? தோற்றதற்குப் பலன் இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

மூவரும் நல்ல ஆட்டக்காரர்கள், குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் டூரன் 13ஆம் தேர்வு, ஸ்டுவர்ட் 16ஆம் தேர்வு. இந்த டீமின் உட்பகுதியைத் தாங்குகிற இருவருமே கடைசி இடத்துப் பரிசு இல்லை. பீஸ்லி, ஹாரிஸ், ஹார்டவே, ஷ்ரோடர் நால்வருக்கும் லாட்டரியோடு சம்பந்தமே கிடையாது.

தோற்பதற்கு ஒரு விலை உண்டு, அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. 2023 அக்டோபர் 30 தொடங்கி 28 ஆட்டம் வரிசையாகத் தோற்றார்கள். ஒரே சீசனில் அவ்வளவு நீளமாக யாரும் தோற்றதில்லை. டிசம்பர் 30இல் டொரன்டோவை 129-127 என்று ஜெயித்தபோதுதான் அது நின்றது. 20, 21 வயதுப் பையன்கள் அந்த இரண்டு மாதம் என்ன கற்றிருப்பார்கள்? நான்காம் குவார்ட்டரில் 6 புள்ளி பின்தங்கினால் தலை தானாகத் தொங்கும். நான் பயிற்சி கொடுத்த டீம்களில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு மோசமான சீசன் உடம்பில் ஏறிவிட்டால் அதை இறக்க ஒரு வருஷம் ஆகும். பிக்கர்ஸ்டாஃப் செய்ததில் பெரிய வேலை அதுதான் என்று நான் நம்புகிறேன்.

கேள்வி: ஐவியின் கால் எப்போது முழுசாகச் சரியாகும்?

2025 ஜனவரி 1 ஆட்டத்தில் காலெலும்பு முறிந்தது. குணமாகும் காலத்தை எலும்பு மருத்துவர்தான் சொல்ல வேண்டும், நான் சொல்லக்கூடாது.

கேள்வி: நிக்ஸுடன் நான்காவது ஆட்டத்தில் ரெஃபரி ஏமாற்றியதைப் பற்றி?

94-93 என்று நிக்ஸ் முன்னால். கடைசி நொடியில் மூலையிலிருந்து ஹார்டவே மூன்று புள்ளிக்கு எழும்பினார், ஜாஷ் ஹார்ட் அவர் மேல் மோதினார், விசில் வரவில்லை. ஃபவுல் கொடுத்திருக்க வேண்டும் என்று ஆட்டம் முடிந்ததும் நடுவர் குழுவே ஒப்புக்கொண்டது. தவறு என்பதில் சந்தேகமில்லை. ஏமாற்று என்ற சொல்லை நான் எடுக்கமாட்டேன்.

கேள்வி: ஃபவுல் கொடுத்திருந்தால் சீரிஸே ஜெயித்திருப்பார்களே?

ஹார்டவே மூன்று ஃப்ரீ த்ரோ போட்டிருப்பார். அதற்கு மேல் யாருக்கும் தெரியாது. மற்ற மூன்று தோல்விகளுக்கு அந்த விசில் பதில் சொல்லாது.

கேள்வி: அண்ணா, நான்காவது ஆட்டம் கடைசி ஃபவுல், உங்கள் கருத்து?

தம்பி, மேலே இரண்டு முறை சொல்லியாயிற்று. படித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆசார் தாம்சனால் நிக்ஸின் நட்சத்திரம் பிரன்சனைப் பிடிக்க முடியவில்லையே. டிஃபென்ஸ் அவ்வளவுதானா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

ஆசார் உயரமானவர், கை நீளம், பக்கவாட்டு வேகம் அபாரம். 2024 மார்ச்சில் ரத்தக்கட்டு காரணமாக ஆட்டத்தை நிறுத்தி, நவம்பரில் திரும்பியவர். அவருடைய பலமே பிரன்சனிடம் பலவீனமாகிவிடுகிறது. பிரன்சன் குள்ளம், ஆனால் ஓடிக்கொண்டே இருக்கமாட்டார், சட்டென்று நின்றுவிடுவார். வேகமாகத் தொடர்ந்து வருகிறவர் அவர் முதுகில் மோதுவார், விசில் ஊதும். இரண்டு முறை அப்படி நடந்துவிட்டால் தடுப்பவரின் கை தயங்க ஆரம்பிக்கும். அந்தத் தயக்கத்தைத்தான் பிரன்சன் தேடுகிறார்.

ஆறாவது ஆட்டத்தின் கடைசிக் கூடையைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். 113-113. எதிரில் ஆசார். பிரன்சன் பந்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு வெட்டுகிறார், ஆசாரின் எடை ஒரு பக்கம் சாய்கிறது, 4.3 செகண்ட் இருக்கும்போது மூன்று புள்ளி. 116-113, சீரிஸ் முடிந்தது. அந்த இடத்தில் இளம் தடுப்பாளருக்கு நான் சொல்வது இது: பந்தைப் பார்க்காதே, இடுப்பைப் பார். பந்து எங்கும் போகும், இடுப்பு போகிற பக்கம்தான் ஆள் போவான். அப்போது ஆசாருக்கு 22 வயதுதான். பிடிக்க முடியாதவர் என்று முத்திரை குத்துவது அவசரம்.

அவருடைய புள்ளிச் சராசரியைக் காட்டி வாதாட வராதீர்கள். அவரை ஆட வைப்பது புள்ளிக்காக இல்லை.

கேள்வி: 2004 சாம்பியன் டீமோடு ஒப்பிடலாமா?

இப்போதைக்கு வேண்டாம். பில்லப்ஸ், ஹாமில்டன், பிரின்ஸ், ரஷீத் வாலஸ், பென் வாலஸ் ஐவரும் முதிர்ந்த ஆட்டக்காரர்கள். லேக்கர்ஸை 4-1 என்று உருட்டினார்கள், 2003 முதல் 2008 வரை ஆறு வருஷம் தொடர்ந்து கிழக்கு இறுதிக்குப் போனார்கள். இந்த டீம் 2025இல் ஒரு சுற்றுகூட ஜெயிக்கவில்லை.

கேள்வி: என் பையனுக்கு 13 வயது. கேட் மாதிரி ஆட என்ன சாப்பிட வேண்டும்?

அவனுடைய கோச்சையும் மருத்துவரையும் கேளுங்கள்.

கேள்வி: டேங்கிங் பற்றி உங்கள் கருத்து என்ன?

மேலே.

கேள்வி: (முதலில் வாதாடிய நண்பர்) லாட்டரி எண்களை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சான் அன்டோனியோ தோற்றதால்தானே வெம்பன்யாமா கிடைத்தார்?

கிடைத்தார். முதல் இரண்டு சீசனிலும் பிளே-ஆஃப் இல்லை, 2024-25இல் 34-48. அந்த 2023 லாட்டரியில் ஐந்தாம் தேர்வோடு நின்ற டெட்ராய்ட் அந்த சீசனில் அவர்களுக்கு முன்னால் போனது. வெம்பன்யாமா அபூர்வமான ஆட்டக்காரர், அங்கேயும் நல்ல காலம் வரும். ஆனால் அது வரும்போதும் அவரைச் சுற்றி யார் நிற்கிறார்கள் என்பதைத்தான் நாம் பேசிக்கொண்டிருப்போம். நீங்கள் மரியாதையோடு வாதாடினீர்கள், நன்றி. இந்த விஷயத்தை இதோடு விடுகிறேன்.

கேள்வி: கடைசியாக ஒன்று. இந்த டீம் எதைச் சரிசெய்ய வேண்டும்?

சொந்த மைதானத்தில் மூன்று ஆட்டம், மூன்றும் தோல்வி: 118-116, 94-93, 116-113. மொத்த வித்தியாசம் ஆறு புள்ளி. கடைசி நிமிடங்களில் பெரும்பாலும் கேட்தான் பந்தைச் சுமந்தார். எதிரணி இரண்டு பேரை அவர் மேல் அனுப்பியது. ஆட்டத்துக்கு 4-க்கு மேல் டர்ன்ஓவர் (பந்தை எதிரணியிடம் இழப்பது) என்ற அவருடைய கணக்கில் ஒரு பங்கு இப்படி வந்ததுதான்.

இரண்டாவதாகப் பந்தை எடுத்து ஆட்டத்தை நடத்த ஒருவர் வேண்டும். ஐவி திரும்பி வந்தால் அவராக இருக்கலாம். ஜனவரி வரை அந்த வேலையில் அவர் பங்கெடுத்திருந்தார். அடுத்த சீசன் முதல் ஆட்டத்தில் நான் ஸ்கோரைப் பார்க்கமாட்டேன். நான்காம் குவார்ட்டரில் கேட் மேல் இரண்டு பேர் பாயும்போது அவர் பந்தை யாரிடம் விடுகிறார், வாங்கியவர் தயங்காமல் என்ன செய்கிறார் என்பதைத்தான் பார்ப்பேன்.