50,000 ப்ரீசெட் வேண்டாம், ஐந்து மாட்யூல் போதும்

கேள்வி: கோத்தகிரிக்கு அருகே ஒரு பள்ளியில் இசை ஆசிரியையாக இருக்கிறேன். ஆண்டு விழா நாடகத்துக்கு மலைக்காற்று, குழல் போன்ற ஒலிகள் தேவைப்படுகின்றன. விசிவி ரேக் என்ற சிந்தசைசர் மென்பொருளை இலவசமாக இறக்கி வைத்திருக்கிறேன். ஒலியை உண்டாக்கும், மாற்றும் சிறு கருவிகளான மாட்யூல்கள் அதற்கு ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன. எதில் தொடங்குவது என்று தெரியவில்லை. மாட்யூல்களைக் கேபிள்களால் இணைத்துப் பிறர் செய்து வைத்த பேட்ச்களைத் திறந்தால் ஒலியே வருவதில்லை. வந்தாலும் கரகரவென்று உடைகிறது. 'எல்லா மாட்யூல்களும் 50,000 ப்ரீசெட்களும்' அடங்கிய பென் டிரைவை 4,500 ரூபாய்க்குத் தருவதாகக் கோவையில் ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் இன்றே திருப்பிக் கேளுங்கள்.

ப்ரீசெட் என்பது ஒலி அல்ல. ஆர்மோனியத்தில் எந்தெந்த ஸ்டாப்பை எவ்வளவு இழுத்து வைத்திருந்தோம் என்று ஒரு சீட்டில் குறித்து வைப்போமே, அதுதான் ப்ரீசெட். குமிழ்கள் நின்ற இடங்களின் பட்டியல்; சில வரிகள் கொண்ட சிறு கோப்பு. ஆர்மோனியம் கையில் இல்லாதவருக்கு அந்தச் சீட்டு எதற்கு? எந்த மாட்யூலுக்காக எழுதப்பட்டதோ அந்த மாட்யூல் உங்கள் கணினியில் இருந்தால்தான் ப்ரீசெட்டுக்கு உயிர் வரும்.

'மாட்யூல்களும் சேர்த்துத்தானே தருகிறார்' என்பீர்கள். அங்கேதான் ஏமாற்றுகிறார்கள். விசிவி ரேக்கின் முதல் முழுப் பதிப்பு 2019இல் வந்தது. இரண்டாம் பதிப்பு 2021 நவம்பரில். முதல் பதிப்புக்குக் கட்டிய மாட்யூல்கள் இரண்டாம் பதிப்பில் ஏறா. விண்டோஸுக்குக் கட்டியவை லினக்ஸில் ஓடா. பென் டிரைவில் எது எந்தப் பதிப்புக்கு உரியது என்று விற்பவரிடம் கேட்டுப் பாருங்கள். என்னிடம் வந்த எவராலும் அதற்குப் பதில் வாங்க முடியவில்லை. இலவச மாட்யூல்களைப் பிரதியெடுத்து விற்பதற்குப் பெரும்பாலும் சட்டத்தில் தடையில்லை. ஆனால் ரேக்கின் இணைய நூலகத்தில் கணக்குத் தொடங்கினால் அதே மாட்யூல்கள், சரியான பதிப்பில், செலவில்லாமல் வந்து சேரும்போது 4,500 ரூபாய் எதற்கு? கட்டண மாட்யூல்களையும் அதில் சேர்த்திருக்கிறார் என்றால் அது பூட்டை உடைத்த சரக்கு. நிறுவும்போது 'ஆன்டிவைரஸை அணைத்துவிடுங்கள்' என்பார். அந்தச் சொல் காதில் விழுந்ததுமே எழுந்து வந்துவிடுங்கள். என்னிடம் படித்த மாணவர் ஒருவர் அப்படி அணைத்துவிட்டு, இரண்டு ஆண்டுகளாகச் சேர்த்த களப்பதிவுகளை ஒரே இரவில் இழந்தார். காப்புப் பிரதி இல்லை. இன்றுவரை அவை மீளவில்லை.

இனி, பேட்ச் ஏன் ஊமையாகிறது என்பதைப் பார்ப்போம். திறக்கும்போதே சில மாட்யூல்கள் இல்லை என்று ரேக் சொன்னால், நூலகத்தில் அவற்றைச் சேர்த்து, ரேக்கின் 'லைப்ரரி' பட்டியில் புதுப்பித்து, ஒருமுறை மூடித் திறக்க வேண்டும். எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் மௌனமாக இருந்தால், பெரும்பாலும் கோளாறு கடைசி மாட்யூலில் இருக்கும். அதன் பெயர் 'ஆடியோ'. பேட்ச் செய்தவர் தம் வீட்டு ஒலிக்கருவியின் பெயரோடு அதைச் சேமித்திருப்பார். உங்களிடம் அந்தக் கருவி இல்லாததால் அந்தச் சின்னத் திரை 'நோ டிவைஸ்' என்று காட்டிக்கொண்டு நிற்கும். அதன் மேல் சொடுக்கி, உங்கள் மடிக்கணினியின் ஒலிபெருக்கியைத் தேர்ந்தெடுங்கள். பத்து நொடி வேலை. இதற்காக ஐந்நூறு ரூபாய் 'சர்வீஸ்' கட்டணம் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

கரகரப்பு வேறு சங்கதி. கணினி மூச்சு வாங்குகிறது என்று பொருள். அதே ஆடியோ மாட்யூலில் 'பிளாக் சைஸ்' என்ற எண்ணை 512 அல்லது 1024 ஆக உயர்த்துங்கள். நொடிக்கு 48,000 ஒலி மாதிரிகள் என்ற வேகத்தில் 1024 என்பது நொடியில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்குத் தாமதம். நாடகத்துக்கான ஒலியில் அதை யாரும் உணரப்போவதில்லை. பிறகு எஃப்3 விசையை அழுத்தினால் எந்த மாட்யூல் எவ்வளவு சுமை தருகிறது என்பது ஒவ்வொன்றின் மீதும் தெரியும். ஒரு கேபிளில் பதினாறு குரல்கள், அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கும் பதினாறு ஸ்வரங்கள், வரை ஓட முடியும் என்பதால், பலர் தேவையே இல்லாமல் பதினாறையும் திறந்து வைத்த பேட்ச்களைப் பகிர்கிறார்கள். ஒரு குழலுக்கு ஒரு குரல் போதும். 'வியூ' பட்டியில் திரையின் ஃபிரேம் வேகத்தைக் குறைத்தால் கணினியின் சூடும் தணியும்.

காசு கொடுக்கவே கூடாதா என்றால், ஒரே ஒரு சூழ்நிலையில் அந்தக் கேள்வி எழும். அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் இடைத்தரகர்கள் அதைத்தான் திரித்துப் பயன்படுத்துகிறார்கள். இலவசப் பதிப்பு தனி மென்பொருளாக மட்டுமே இயங்கும். பல தட ஒலிப்பதிவு மென்பொருளுக்குள் ஒரு வாத்தியமாக அதைச் செருக வேண்டுமென்றால் 'ரேக் ப்ரோ' தேவை. அதன் விலை 149 டாலர். இதைக் காட்டித்தான் 'இலவசப் பதிப்பு அரைகுறை, முழுசு என்னிடம் இருக்கிறது' என்கிறார்கள். உங்களுக்கு அந்த வசதி வேண்டுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். நாடக ஒலிக்கு வேண்டியதில்லை. நாளை ஒரு பாடலையே தடம் தடமாக அமைக்கப் போகிறீர்கள் என்றால் வேண்டும். அப்போதும் அவசரப்படாமல் 'கார்டினல்' என்ற மென்பொருளைப் பாருங்கள். ரேக்கின் திறந்த மூலத்திலிருந்து கிளைத்தது, செருகுநிரலாகவே இயங்கும், இலவசம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாட்யூல்கள் உள்ளேயே கட்டப்பட்டிருக்கும். வெளியிலிருந்து புதிய மாட்யூலைச் சேர்க்க முடியாது என்பது அதன் குறை. ஆனால் ஒருமுறை இறக்கினால் அதன்பின் இணையமே தேவையில்லை. மூடுபனியும் மழையும் வந்தால் இணையம் படுத்துவிடும் நம் மலையில் இது பெரிய வரம். அதிலும் நிறைவில்லை என்றால் மட்டும் ப்ரோவை உரியவரிடமே நேரடியாக வாங்குங்கள். அட்டை மறுக்கப்பட்டால் பதறாதீர்கள். நம் வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை நாமே கேட்டுத் திறக்கும்வரை மூடியே இருக்கும். இதைக் கிளையில் விளக்க ஆளில்லாமல், மூன்று முறை படியேற வைத்து, கடைசியில் மனிதர்களைப் பென் டிரைவ்காரர்களிடம் தள்ளிவிடுகிறது இந்த ஏற்பாடு. நேர்வழி இத்தனை கரடுமுரடாக இருந்தால் குறுக்குவழிக்காரன் பிழைக்கத்தானே செய்வான்?

இப்போது உங்கள் காற்று. பேட்ச்களையெல்லாம் மூடிவிட்டு வெற்று ரேக்கைத் திறங்கள். காலியிடத்தில் வலச்சொடுக்கு செய்தால் மாட்யூல் பட்டியல் வரும். நாய்ஸ் (இரைச்சல் தருவது), ராண்டம் (தாறுமாறாக மாறும் அளவைத் தருவது), விசிஎஃப் (ஒலியை வடிகட்டுவது), ஆடியோ 2, ரெக்கார்டர் என்ற ஐந்தை மட்டும் எடுங்கள். ஐந்தும் விசிவியின் இலவச மாட்யூல்களே. நாய்ஸில் 'பிங்க்' என்ற துளையிலிருந்து விசிஎஃப்பின் உள்வாயிலுக்கு ஒரு கேபிள். விசிஎஃப்பின் 'எல்பிஎஃப்' வாயிலிலிருந்து ஆடியோவுக்கு ஒன்று, ரெக்கார்டருக்கு ஒன்று. வெறும் இரைச்சல் கேட்கும். விசிஎஃப்பின் பெரிய குமிழை இடப்பக்கம் மெல்லத் திருப்புங்கள்; இரைச்சல் தணிந்து தேயிலைத் தோட்டத்தைத் தாண்டி வரும் காற்றாகும். இனி ராண்டமின் 'ஸ்மூத்' வாயிலிலிருந்து அந்தப் பெரிய குமிழுக்கு உரிய துளைக்கு ஒரு கேபிள். கேபிளைச் செருகியும் மாற்றம் தெரியாவிட்டால் அந்தத் துளைக்குரிய சின்னக் குமிழையும் திருப்ப வேண்டும். புதியவர்கள் எல்லோரும் தவறவிடும் இடம் இது. ராண்டமின் வேகத்தை நன்றாகக் குறையுங்கள். காற்று எழும், அடங்கும், ஒரே மாதிரி திரும்ப வராது. 'ரெஸ்' குமிழைக் கொஞ்சம் ஏற்றினால் மரக்கிளைகளுக்கிடையே ஊதும் விசில் சேரும். நான்கே கேபிள்களுக்குள் வேலை முடிந்தது. எந்தக் குமிழ் என்ன செய்கிறது என்று உங்கள் விரலுக்கும் தெரிந்துவிட்டது.

இதன் பிறகு ப்ரீசெட்களைத் தேடுங்கள், தடையில்லை. அப்போது அவை உங்களுக்குப் புரியும். ஒரு மாட்யூலின் மேல் வலச்சொடுக்கு செய்தால் 'ப்ரீசெட்' என்ற வரி இருக்கும். செய்தவரே வைத்த ப்ரீசெட்கள் இருந்தால் அங்கேயே கிடைக்கும். கன்ட்ரோலுடன் ஆர் அழுத்தினால் குமிழ்கள் எல்லாம் கலைந்து புதிய இடங்களில் நிற்கும். கன்ட்ரோலுடன் ஐ அழுத்தினால் பழைய தொடக்க நிலை. வாரத்துக்கு ஒரு புதிய மாட்யூல் போதும். பிடித்ததைச் சேமிக்கும்போது நல்ல தமிழில் பெயர் வையுங்கள். 'புது 1', 'புது 2' என்று வைத்தால் மறுமாதம் உங்களுக்கே தெரியாது.

குழலுக்கு, ஆடிபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தொகுப்பில் 'மோடல் சிந்தசைசர்' இருக்கிறது, இலவசம். அதில் 'ப்ளோ' குமிழை உயர்த்தினால் மூச்சுக்காற்று கலந்த ஒலி வரும். விசைப்பலகையிலிருந்து சுருதி வரும் கேபிளின் நடுவே பெஃபாகோ தொகுப்பின் 'ஸ்லூ லிமிட்டர்' வைத்தால் ஸ்வரங்கள் படிப்படியாகத் தாவாமல் வழுக்கிச் செல்லும். ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கும் கமகமான ஜாருவுக்கு இது ஓரளவு ஈடு. ஸ்வரத்தை அசைக்கும் கம்பிதத்துக்கு ஆகாது, நீங்கள் இசை ஆசிரியை, முதல் கேட்பிலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும். பள்ளியில் குழல் வாசிக்கும் பிள்ளை இருந்தால் அவளையே பதிவு செய்யுங்கள்.

நாடகத்தில் நீலகிரிப் பழங்குடியினரான கோத்தர்களின் காட்சி ஏதும் இருந்தால் ஒன்று சொல்லியாக வேண்டும். 'ட்ரைபல்' என்று பெயரிட்ட எந்த ப்ரீசெட்டையும் அங்கே போடாதீர்கள். கோத்தர்களின் கொள் குழலிசையில் தெய்வ வழிபாட்டுக்கு உரிய மெட்டுகள் வேறு, இறப்புச் சடங்குக்கு உரியவை வேறு. அவர்கள் அவற்றைக் கலப்பதில்லை. அவர்கள் வாழும் ஊர் உங்களுக்கு எட்டும் தொலைவில்தான் இருக்கிறது. நேரில் போய்க் கேளுங்கள்.

விழா அன்று ரேக்கை மேடையில் ஓட்ட வேண்டாம். ரெக்கார்டரில் பத்து நிமிடக் காற்றை முன்கூட்டியே பதிந்து, ஒரு பிரதியைக் கைப்பேசியிலும் வைத்திருங்கள். நம் மலையில் விளக்கு அணையாமல் முடிந்த ஆண்டு விழாவை நான் இன்னும் பார்க்கவில்லை. மின்சாரம் திரும்பியதும் ஒரு பொத்தானில் காற்று மீண்டும் வீச வேண்டும்.