முப்பது வருஷம் போனால் ஒத்தி கிரையமாகிவிடுமா?

கேள்வி: எங்கள் ஊர் வீரவநல்லூர் பக்கம். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் அப்பாவுக்கு எட்டு மரக்கால் விதைப்பாடு நஞ்சை உண்டு. அக்கா கல்யாணத்துக்காக 1989-ல் உள்ளூர் அண்ணாச்சி ஒருவரிடம் 12,000 ரூபாய்க்கு அதை ஒத்தி வைத்தார். பத்திரம் பதிவானது, நகல் இணைத்திருக்கிறேன். அப்பா இப்போது இல்லை. பணத்தோடு போனால், “முப்பது வருஷம் தாண்டிட்டுல்லா, வயல் இனி எனக்குத்தான். பட்டாவும் எம் பேர்ல இருக்கு. போர் வேற போட்டிருக்கேன். வேணும்னா ரெண்டு லட்சம் தாரேன், விடுதலை எழுதிக் குடு” என்கிறார். ஊரில் ஒருவர் ஒத்தி என்கிறார், ஒருவர் போக்கியம் என்கிறார், இன்னொருவர் கிரையத்துக்குச் சமம் என்கிறார். எது சரி?

பதில்: வயல் அவருக்கே சொந்தமாகிவிட்டதென்றால் உங்களுக்கு எதற்கு இரண்டு லட்சம்? அண்ணாச்சிக்கு விஷயம் தெரியும். நீங்கள்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் வார்த்தைகள். ஒத்தியும் போக்கியமும் ஒன்றுதான். நம் பக்கம் ஒத்தி, வடக்கே போனால் போக்கியம். கடன் கொடுத்தவர் கையில் சொத்தின் சுவாதீனம் போகும். அவர் பயிர் வைத்து அனுபவிப்பதே பணத்துக்கு வட்டி. ஈடு, அதாவது சாதாரண அடமானம், வேறு: அதில் வயல் உங்களிடமே இருக்கும், வட்டியை நீங்கள் கட்டுவீர்கள். 1882-ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டம் 58-வது பிரிவில் இரண்டையும் அடமான வகைகளாகத்தான் சொல்கிறது. கிரையம் அந்தப் பட்டியலிலேயே இல்லை. அது சொத்தை விற்றுத் தீர்ப்பது. ஒத்தி என்பது கடனுக்குப் பிணை.

உங்கள் பத்திரத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது உயிர்நாடி: “வட்டிக்கும் அனுபோகத்துக்கும் சரி”, அடுத்த வரியில் “எந்த வருஷம் பங்குனி மாதத்தில் மேற்படி ஒத்தித் தொகையைச் செலுத்துகிறேனோ அப்போது நிலத்தை என் வசம் ஒப்படைக்க வேண்டியது”. எழுதியவர் விவரமானவர். பிசானம் அறுத்து வயல் காலியாக இருக்கும் மாதம் பார்த்து எழுதியிருக்கிறார். கெடு என்று எந்த வருஷத்தையும் போடவில்லை. இதற்கு மேல் சுத்தமான ஒத்தி கிடைக்காது.

முப்பது வருஷக் கதை எங்கிருந்து வந்தது? 1963-ஆம் வருட காலவரையறைச் சட்டத்தில் அடமானத்தை மீட்க 30 வருடம் என்று இருப்பது உண்மை. அது எந்த நாளில் தொடங்குகிறது என்பதுதான் டீக்கடை வக்கீல்களுக்குத் தெரியாத பகுதி. ஒத்தி வைத்தவர் சுவாதீனத்தைத் திரும்பப் பெறும் உரிமை சொத்து மாற்றுச் சட்டத்தின் 62-வது பிரிவில் தனியாக இருக்கிறது. பணத்தைச் செலுத்தும்போது அல்லது கோர்ட்டில் கட்டும்போதுதான் அந்த உரிமை பிறக்கிறது; அதுவரை காலக்கெடு ஓடத் தொடங்காது என்று 2014-ல் சிங் ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பத்திரம் எழுதி 30 வருடம் ஆனதாலேயே ஒத்தி வாங்கியவர் உரிமையாளர் ஆகமாட்டார். உங்களுக்கு 2019-லேயே கதை முடிந்தது என்பது வெறும் மிரட்டல்.

பட்டா வருவாய்த் துறையின் கணக்கு. அனுபோகத்தில் இருப்பவர் பெயர் அதில் ஏறுவது ஊருக்கு ஊர் நடப்பதுதான். அதனால் ஒத்தி கிரையமாகாது. போர் செலவை ஒத்திப்பணத்தோடு சேர்த்துக் கேட்பதற்கும் எளிதில் வழியில்லை. நிலம் அழியாமல் காப்பாற்றவோ, அரசு அதிகாரியின் உத்தரவுப்படியோ செய்த வேலையாக இருந்தாலொழிய, அவர் வசதிக்குப் போட்ட போருக்கு நீங்கள் பொறுப்பில்லை. கால்வாய்த் தண்ணீர் பாயும் வயலில் போர் இல்லாவிட்டால் நிலம் அழிந்துவிடும் என்று அவர் நிரூபிக்கட்டும், பார்க்கலாம்.

நான் பயப்படுவது இரண்டு விஷயத்துக்கு.

ஒன்று, அந்த விடுதலைப் பத்திரம். மீட்கும் உரிமை இழக்கப்படுவது கோர்ட் தீர்ப்பால் அல்லது நீங்களே எழுதிக்கொடுப்பதால். ஒத்திக்காரர் சும்மா இருந்து அதை வாங்க முடியாது. ‘விடுதலை’ என்றால் உங்கள் பாத்தியதையை அவருக்கு விட்டுவிடுகிறேன் என்று அர்த்தம். ஒத்தி பணம் வாங்கி முடிந்ததற்கு எழுதுவது ‘ஒத்தி ரத்து ரசீது’. அதை எழுதித் தர வேண்டியவர் அவர். இரண்டையும் ஒன்று போலப் பேசி, “சும்மா ஒரு கையெழுத்து” என்று சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போவார்கள். போகாதீர்கள். அக்காவிடமும் சொல்லி வையுங்கள். அவரும் வாரிசு, அவர் கையெழுத்தையும் தேடி வருவார்கள்.

இரண்டு, 1989 முதல் இன்றுவரை வில்லங்கம் போட்டுப் பாருங்கள். அண்ணாச்சி அந்த வயலை யாருக்காவது விற்றிருந்தால் நிலைமை மாறும். ஒத்திக்காரர் பணம் வாங்கிக்கொண்டு சொத்தை இன்னொருவருக்கு மாற்றியிருந்தால், அது உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து 12 வருடத்துக்குள் வழக்குப் போட்டாக வேண்டும். இந்தக் கடிகாரம் நிஜமாகவே ஓடும்.

வில்லங்கம் சுத்தமாக இருந்தால், 12,000 ரூபாய்க்கு டிமாண்ட் டிராப்ட் எடுத்து, பதிவுத் தபாலில் வக்கீல் நோட்டீஸோடு அனுப்புங்கள். ரொக்கமாகக் கையில் கொடுக்க வேண்டாம். மறுத்தால் அதே தொகையை சொத்து மாற்றுச் சட்டத்தின் 83-வது பிரிவின்படி உங்கள் பகுதி உரிமையியல் நீதிமன்றத்தில் கட்டலாம். அதற்கும் அசையாவிட்டால் ஒத்தி மீட்பு வழக்கு. வாரிசுகளில் ஒருவரே முழுச் சொத்தையும் மீட்கலாம், ஆனால் உங்கள் பங்கை மட்டும் தனியாக மீட்க முடியாது. அக்காவையும் வாதியாகச் சேர்த்துக்கொள்வதே நல்லது. பட்டா மாற்றமெல்லாம் அப்புறம்.

நோட்டீஸ் மாசி மாதத்திலேயே அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். பத்திரத்தில் உங்கள் அப்பா பங்குனி என்றுதான் எழுதிக் கொடுத்திருக்கிறார்.