பொண்ணு பாக்டீரியா வளர்த்து சிற்பம் செய்யணும்ங்கறா, என்ன படிக்க வைக்கலாம்?

சார், உங்க மெசேஜ் பார்த்தேன். பயாலஜி குரூப்ல நல்லா மார்க் வாங்குற பொண்ணு நீட் வேணாம், பாக்டீரியாவ வச்சு அசையுற சிற்பம் பண்றேன்னு நின்னா எந்த அப்பாவுக்கும் வயித்த கலக்கத்தான் செய்யும். ஆனா அவ சும்மா அடிச்சு விடல சார், 2015லயே அமெரிக்காவுல எம்ஐடில நாட்டோங்கற ஜப்பான் சோயா பதார்த்தத்த புளிக்க வைக்கிற பாக்டீரியாவ துணியில ஒட்டி, வேர்த்தா தானா திறந்துக்குற டிரஸ் செஞ்சிட்டாங்க, ஈரம் பட்டா அந்த செல்லு உப்பும், காஞ்சா சுருங்கும், மோட்டாரே வேணாம்.

இதே பேர்ல டிகிரி தேடி அலையாதீங்க. என்னைக் கேட்டா முதல்ல பி.எஸ்ஸி மைக்ரோபயாலஜி, அப்புறம் ஐஐடி பாம்பே நடத்துற சிஇஇடிங்கற டிசைன் நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெஸ், அதாவது டிசைன்ல மாஸ்டர் டிகிரி. லேப் ஒழுக்கம் சின்ன வயசுலயே கைக்கு வரணும், டிசைன் பின்னாடி கூட கத்துக்கலாம்ங்கறது என் கட்சி. எக்மோர் ஃபைன் ஆர்ட்ஸ் காலேஜும் நல்ல இடம்தான், 1850ல ஆரம்பிச்சது, களிமண்ணு உலோகம்னு கை போறவளா இருந்தா தாராளமா சேருங்க, ஆனா பாக்டீரியா வளர்க்குறத அவளே வெளிய தேடித்தான் கத்துக்கணும்.

அதுக்கு முன்னாடி லீவுல வீட்லயே ஒண்ணு செய்யச் சொல்லுங்க. பால் ஊத்தாத டீ, சர்க்கரை, கூட கொஞ்சம் கொம்புச்சாங்கற புளிக்க வச்ச டீ, வாய் அகலமான பாத்திரத்துல ஊத்தி துணி கட்டி ஆட்டாம வச்சா ரெண்டு மூணு வாரத்துல மேல வெள்ளையா வழுவழுன்னு ஏடு கட்டும், அதான் பாக்டீரியா செல்லுலோஸ். வீடே வினிகர் வாடை அடிக்கும், அம்மா திட்டுவாங்க, பச்சையா பூஞ்சை வந்தா யோசிக்காம மொத்தத்தையும் கொட்டிடணும், யாரும் குடிக்கக் கூடாது. நல்லா வந்த ஏட்ட கழுவி காயவச்சா தோல் மாதிரி ஆகும், நம்ம ஊரு கடக்காத்துக்கு அதுவும் நமுத்துப் போகும், பொண்ணுக்கு பிடிச்ச விஷயமே அந்த நெகிழ்றதும் சுருங்குறதும்தானே. ரெண்டு தடவ கெட்டுப் போயும் மூணாவது பாத்திரத்த அவளே கழுவி எடுத்தா நம்பி விடலாம்.

வருமானம்? சிற்பத்த மட்டும் நம்பினா கஷ்டம் சார், மறைக்க மாட்டேன். ஆனா இதே வேலை தெரிஞ்சவங்களுக்கு மெட்டீரியல் பக்கம் வழி இருக்கு, கேரளாவுல மலாய்னு ஒரு கம்பெனி தேங்காத்தண்ணியில இதே ஏட்ட வளர்த்து தோலுக்குப் பதிலா விக்கிறாங்க.

ஃபாரின் கோர்ஸ்னு யாராச்சும் இப்பவே அட்வான்ஸ் கேட்டா கட்டிடாதீங்க. ஒவ்வொரு பாத்திரத்தையும் தேதி போட்டு போட்டோ எடுத்து, கெட்டுப்போனதையும் சேர்த்து நோட்டுல எழுதி வைக்கச் சொல்லுங்க, எம்.டெஸ் இன்டர்வியூல போர்ட்ஃபோலியோ கேப்பாங்க.